மூடியைக் கழற்றினீர்களா? – வாங்குவோர் கேள்வி பதில்

சென்ற முறை பழைய ஃபிலிம் கேமராக்களைப் பற்றிப் போகிற போக்கில் இரண்டு வரி எழுதியிருந்தேன். அதற்குச் சிங்கப்பூரெங்கும் இருந்து வந்த கடிதங்களில் பாதிக்கும் மேல் ரேஞ்ச்ஃபைண்டர் வாங்கியவர்களுடையவை, அல்லது வாங்கத் துடிப்பவர்களுடையவை. லென்ஸ் வழியே பார்க்காமல், தனி வியூஃபைண்டர் வழியே பார்த்து, அதில் தெரியும் இரு பிம்பங்களைப் பொருத்தித் தூரம் கணிக்கும் கேமராவைத்தான் ரேஞ்ச்ஃபைண்டர் என்கிறோம். சிலவற்றைச் சுருக்கித் தருகிறேன்.

கேள்வி: லைக்கா எம்3, எம்2 கேமராக்கள் இரண்டும் ஏறக்குறைய ஒரே விலைக்குக் கிடைக்கின்றன. எம்3தான் உயர்ந்தது என்று எல்லாரும் சொல்கிறார்கள். என்னிடம் இருப்பது 35 மி.மீ. லென்ஸ் ஒன்றுதான், மூக்குக்கண்ணாடியும் அணிகிறேன். – தெம்பனிஸ் வாசகர்

பதில்: எம்2 வாங்குங்கள். 1954இல் வந்த எம்3இன் வியூஃபைண்டரில் 50, 90, 135 மி.மீ. லென்ஸ்களுக்குரிய, படத்தின் எல்லையைக் காட்டும் கோட்டுச் சட்டங்கள் மட்டுமே தெரியும். 35க்குச் சட்டமே கிடையாது. அதன் உருப்பெருக்கம் 0.91 மடங்கு என்பதால் 50 மி.மீ. லென்ஸை முழுத் துளையில் (துளையை முழுதாகத் திறந்து) வைத்துக் குவியம் (ஃபோகஸ்) பிடிக்க அதற்கு இணையான கருவி அரிது என்பது உண்மைதான், ஆனால் அந்தப் பெருமை உங்கள் லென்ஸுக்குப் பயன்படாது. எம்2இல் உருப்பெருக்கம் 0.72 மடங்கு, 35, 50, 90 சட்டங்கள் உண்டு. கண்ணாடியோடு பார்க்கும்போது 35இன் ஓரங்களுக்குக் கண்ணைச் சற்று நகர்த்த வேண்டியிருக்கும். வியூஃபைண்டரின் உலோக விளிம்பு உங்கள் கண்ணாடியைக் கீறாமல் இருக்க ஒரு ரப்பர் வளையத்தை ஒட்டிக்கொள்ளுங்கள்.

கேள்வி: முதல் சுருளில் 36 படமும் வெறுமையாக வந்தன. ஓரத்து எண்கள் மட்டும் தெளிவாக இருக்கின்றன. கடைக்காரர் கெட்டுப்போன கேமராவை என் தலையில் கட்டிவிட்டாரா? – ஈசூன் வாசகர்

பதில்: லென்ஸ் மூடியைக் கழற்றினீர்களா?

கேள்வி: ஓய்வுபெற்ற என் தந்தை, தங்க நிறமும் ஜெர்மன் போர்க்கால முத்திரையும் கொண்ட ஒரு லைக்காவை ஒரு கடையில் 1,900 வெள்ளிக்கு வாங்கினார். அது போலி என்று நண்பர் ஒருவர் சொன்னதிலிருந்து அப்பா யாரிடமும் சரியாகப் பேசுவதில்லை. – தோ பாயோ வாசகி

பதில்: உங்கள் தந்தை ஏமாளி அல்லர் என்பதை முதலில் அவரிடம் சொல்லுங்கள், இந்தப் பித்தலாட்டத்தில் கேமராக்களோடு பல காலம் பழகியவர்களே விழுந்திருக்கிறார்கள். கார்கிவ் நகரில் 1934 முதல் செய்யப்பட்ட ஃபெட், மாஸ்கோவுக்கு அருகே 1948 முதல் செய்யப்பட்ட சோர்க்கி ஆகிய சோவியத் கேமராக்கள் லைக்கா 2ஐப் பார்த்துச் செய்யப்பட்டவை. பிற்காலத்தில் அவற்றின் மேல்தகட்டைச் சுரண்டி, பொன்முலாம் பூசி, முத்திரை பொறித்து விற்கிறார்கள். லென்ஸைத் திருகிக் கழற்றி உள்ளே மேல்பக்கம் பாருங்கள். ரேஞ்ச்ஃபைண்டரைத் தொடும் நெம்புகோலின் நுனியில் சிறு உருளை இருந்தால் லைக்காவாக இருக்கலாம். உருளையில்லாமல் ஆப்பு வடிவத் துண்டு இருந்தால் அது சோவியத் உடல்.

போலி என்று உறுதியானால் பணத்தை விட்டுவிடாதீர்கள். விற்றது கடை, பற்றுச்சீட்டில் லைக்கா என்று எழுதியிருக்கிறது என்றும் சொல்கிறீர்கள். பொருளைப் பற்றிப் பொய் சொல்லி விற்பது நியாய வர்த்தகச் சட்டப்படி முறையற்ற செயல். பயனீட்டாளர் சங்கத்திடம் முறையிடுங்கள். அங்கே தீராவிட்டால் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்துக்குப் போங்கள். 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கிறது, வழக்கறிஞர் தேவையில்லை. இரண்டு ஆண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும். அப்பாவையும் கூட அழைத்துப் போங்கள்.

கேள்வி: "அழகான நிலை, பேட்டரி இல்லாததால் சோதிக்கவில்லை" என்ற விளம்பரத்தைப் பார்த்து இணையத்தில் ஒருவரிடம் கேனானெட் கியூஎல்17 ஜி3 கேமரா வாங்கினேன், 180 வெள்ளி. ஷட்டரை அழுத்தினால் அசையவே இல்லை. – உட்லண்ட்ஸ் வாசகர்

பதில்: முதலில் லென்ஸின் துளை வளையத்தை 'ஏ' என்ற இடத்திலிருந்து நகர்த்தி 8இல் வைத்து அழுத்திப் பாருங்கள். தானியங்கி நிலையில் பேட்டரி இல்லாவிட்டால் அந்தக் கேமரா பூட்டிக்கொள்ளும். கைமுறை நிலையில் அதன் ஷட்டருக்கு மின்சாரமே வேண்டாம். அப்படியும் அசையாவிட்டால் பெரும்பாலும் ஷட்டர் இதழ்களில் எண்ணெய் ஒட்டியிருக்கும்; பழுது பார்ப்பவரிடம்தான் போக வேண்டும்.

இனி என் ஆற்றாமையைக் கொட்ட அனுமதியுங்கள். "சோதிக்கவில்லை" என்ற சொல்லைப் போல இந்தச் சந்தையைக் கெடுத்த சொல் வேறு இல்லை. கேமராவைத் துடைத்துப் பளபளப்பாக்கி, வெள்ளைத் துணியில் வைத்துப் பன்னிரண்டு கோணங்களில் படமெடுத்துப் போட நேரமிருந்தவருக்குச் சில வெள்ளியில் ஒரு பேட்டரி வாங்க மட்டும் நேரமில்லையாம். சோதித்தார், ஓடவில்லை, அதனால்தான் அப்படி எழுதினார் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். இதை நான் சும்மா கற்றுக்கொள்ளவில்லை. பழம்பொருள் விற்பவர் ஒருவர் என் காதருகே ஒரு யாஷிக்கா எலக்ட்ரோ 35ஐப் பிடித்து "டிக்" என்று அடித்துக் காட்டினார். அந்த ஓசையில் மயங்கி 90 வெள்ளி கொடுத்தேன். அந்த மாடல் பேட்டரி இல்லாமலும் 1/500 நொடி வேகத்தில் அடித்துக்கொண்டே இருக்கும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. வீட்டில் நாணயத்தால் அடிமூடியைத் திறந்தால் உள்ளே பச்சைப் பாசி போல உப்பு பூத்திருந்தது; மின்கம்பியைக் காணோம்.

பழுதான பொருளை விற்றவரே சரிசெய்யவோ மாற்றித் தரவோ வேண்டும் என்கிற 'லெமன்' சட்டம் கடைகளில் வாங்கும் பழைய பொருள்களுக்கும் பொருந்தும். ஆனால் தனியாள் தனியாளுக்கு விற்பதற்குப் பொருந்தாது. உங்களுக்கு விற்றவர் சோதிக்கவில்லை என்று முன்கூட்டியே எழுதியும் விட்டார். ஆகவே உங்கள் கட்சி பலவீனமானது. அடுத்த முறை நேரில் சந்தியுங்கள். புளோக்கின் கீழ்த்தளத்தில் நின்று பின்கதவைத் திறந்து, ஒவ்வொரு வேகத்திலும் அடித்துப் பாருங்கள். ஒரு நொடி வேகம் தடுமாறினால் விலையைக் குறையுங்கள். கைவிளக்கைப் பின்பக்கத்திலிருந்து லென்ஸ் வழியே பாய்ச்சுங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் அலமாரியில் கிடந்த லென்ஸில் சிலந்திவலை போன்ற பூஞ்சை அந்த ஒளியில்தான் தெரியும்.

கேள்வி: என் லைக்கா எம் கேமராவில் அடாப்டர் போட்டு ஜூப்பிட்டர்-8 என்ற சோவியத் லென்ஸைப் பயன்படுத்துகிறேன். தூரத்துப் படங்கள் நன்றாக இருக்கின்றன. முகங்கள் மட்டும் மங்கல். நண்பரின் லைக்கா லென்ஸ் அப்படியில்லை. ஜூப்பிட்டர் மட்டமான லென்ஸா? – புக்கிட் பாத்தோக் வாசகர்

பதில்: இல்லை. ஜெர்மனியின் ஜைஸ் சோனார் வடிவமைப்பிலிருந்து பிறந்த நல்ல லென்ஸ் அது. லைக்காவின் ரேஞ்ச்ஃபைண்டர் 51.6 மி.மீ. குவியத் தொலைவுக்கு அளவிடப்பட்டது. சோவியத் லென்ஸ்கள் ஜெர்மனியின் காண்டாக்ஸ் கேமராவைப் பின்பற்றி ஏறத்தாழ 52.4 மி.மீ. கணக்கில் நகர்பவை. தொலைவில் இந்த வேறுபாடு மறைந்துவிடும், ஒரு மீட்டரில், எஃப்/2 என்ற முழுத் துளையில் மறையாது. துளையை எஃப்/5.6க்குச் சிறிதாக்கினால் தப்பிக்கலாம்.

இரண்டையும் ஒப்பிட வேண்டுமானால் ஒழுங்காக ஒப்பிடுங்கள். ஞாயிறு தமிழ் முரசை மேசையில் விரித்து, முக்காலியில் கேமராவைச் சாய்வாக வைத்து, ஒரு மீட்டரில் ஒரே தலைப்பின் நடு எழுத்தில் குவியம் பிடித்து, ஒரே சுருளில் இரு லென்ஸாலும் முழுத் துளையில் எடுங்கள். தலைப்புக்கு முன்வரி கூர்மையா பின்வரி கூர்மையா என்று நெகட்டிவ் சொல்லிவிடும். வெவ்வேறு நாளில் வெவ்வேறு ஃபிலிமில் எடுத்த படங்களை எனக்கு அனுப்பி எது மேல் என்று கேட்காதீர்கள்.

கேள்வி: சிங்கப்பூரில் செய்த ரோலை 35 ரேஞ்ச்ஃபைண்டர் 400 வெள்ளிக்கு வருகிறது. முதலீடாக வாங்கலாமா? – ஜூரோங் வாசகர்

பதில்: அது ரேஞ்ச்ஃபைண்டரே அன்று, தூரத்தைக் கண்ணால் கணித்து லென்ஸில் வைக்க வேண்டும். விற்பவருக்கே அது தெரியவில்லை என்றால் வேறு என்னென்ன தெரியவில்லையோ. ரோலை நிறுவனம் 1971 முதல் 1981 வரை இங்கே தொழிற்சாலை நடத்தியது. என் சித்தியும் அங்கே வேலை பார்த்தவர் என்பதால் அந்தக் கேமராமீது எனக்கும் பாசம் உண்டு. முதலீட்டுக்கு என்னைக் கேட்காதீர்கள், படமெடுக்க என்றால் வாங்கலாம். ஒன்று மட்டும்: லென்ஸை உள்ளே தள்ளுமுன் ஃபிலிமை அடுத்த படத்துக்கு நகர்த்தியிருக்க வேண்டும். அதை மறந்து அழுத்தித் தள்ளியதற்கு நான் கொடுத்த பழுதுக் கூலி 140 வெள்ளி.