கோடாலி பிடிக்கிற ஆள் படுத்துவிட்டால்

அன்புள்ள அண்ணா,

முல்லைத்தீவு மாவட்டம் ஒட்டுசுட்டான் பக்கம் இருந்து எழுதுகிறேன். போன ஐப்பசியில் இவர் மோட்டார் சைக்கிளோடு சறுக்கி விழுந்து வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. வளவில் ஒரு டிராக்டர் பெட்டி நிறையப் பாலை மரக் குற்றி கிடந்தது, கொத்தத்தான் ஆள் இல்லை. பக்கத்து வீட்டுத் தம்பி இரண்டு முறை வந்து கொத்தித் தந்தான், பிறகு அவனுக்கும் வயல் வேலை. காஸ் முடிந்ததும் நானே மழைக்குள் காட்டோரம் போய்ச் சுள்ளி பொறுக்கினேன். இந்த முறை முன்கூட்டியே சேர்த்து வைப்போம் என்றால் மாமி விடுகிறா இல்லை. நோய் வருத்தம் வரும் என்று நினைத்துச் சேர்த்தால் வருத்தம் வந்துவிடுமாம், விறகுக் கும்பிக்குப் பாம்பும் வருமாம். எவ்வளவு விறகு இருந்தால் போதும்? மாமிக்கு என்ன சொல்ல?

(பெயர் போட வேண்டாம்.)

அன்புள்ள தங்கச்சிக்கு,

மாமி சொன்னதில் பாதி சரி. பாம்பு வரும். அதைப் பிறகு பார்ப்போம்.

மற்றப் பாதிக்கு என்னிடம் இருப்பது ஒரு கேள்விதான். நெல்லைக் கொம்பறையில் கொட்டி வைத்த வன்னிச் சனம் பஞ்சத்தைக் கூப்பிட்டதாக யாராவது சொல்லியிருக்கிறார்களா? தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக்குள் மண்ணெண்ணெயைக் கண்ணால் காணாமல் குசினி நடத்திய தலைமுறை மாமியுடையது, அதனால் விறகின் அருமையை அவவுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 2022 இல் கொழும்புக்காரரே வெறும் சிலிண்டரோடு நாள் கணக்கில் வரிசையில் நின்றார்கள், அதே வருடம் ஆவணியில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரேயடியாக 340 க்கு ஏறியது. இதெல்லாம் மாமிக்கும் தெரியும். அவ பயப்படுவது விறகுக்கு இல்லை, மகனுக்கு இன்னொரு முறை ஏதும் ஆகிவிடுமோ என்றுதான். ஆகவே வருத்தம், விபத்து என்ற பேச்சையே எடுக்காதீர்கள். மாரிக்கு என்று சொல்லி அடுக்குங்கள், பொய்யும் இல்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தை இரண்டாம் முறை வாசித்தபோதுதான் கவனித்தேன், உங்களிடம் விறகு இருந்திருக்கிறது, அதுவும் ஒரு பெட்டி நிறைய, அதுவும் பாலை! ஆனால் அந்தக் குற்றிகளை விறகாக்கக்கூடிய ஒரே ஆளின் கையில்தான் பிளாஸ்டர். வன்னியில் பல வீடுகளில் இதே கதைதான், குற்றியை இறக்கியதும் விறகு வந்துவிட்டது என்று நினைக்கிறோம், பிறகு சனி ஞாயிறுகளில் அவர் நாலு நாலாகக் கொத்தித் தருவார். அவர் எழும்பி நடக்கும்வரை அது சரி. என் கணக்கில் கொத்தி, காய்ந்து, கூரைக்குக் கீழே போனதுதான் கையிருப்பு. மிச்சத்தை மரம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு என்றால், மணிக்கட்டு முறிவுக்குப் பொதுவாக ஆறு கிழமை கட்டு. பிளாஸ்டர் போட்டாலும் சரி, நாட்டு வைத்தியரிடம் புக்கை கட்டினாலும் சரி, கட்டு அவிழ்த்த அடுத்த நாளே கோடாலி தூக்க முடியாது, பிடி பழையபடி இறுக இன்னும் ஒன்றிரண்டு மாதம் போகும். கால் முறிந்தால் இதைவிட நீளும். ஹேர்னியா ஒப்பரேஷன் என்றாலும் ஒரு மாதத்துக்கு மேல் பாரம் தூக்க விடமாட்டார்கள், சிக்குன்குனியா வந்தவர்களுக்கு மூட்டு நோ மாதக் கணக்கில் இழுக்கும். வயல் விதைத்த பிறகு எலிக்காய்ச்சல் வேறு இருக்கிறது. இவை எல்லாம் தனித்தனியே வந்தால் பரவாயில்லை, ஆனால் வழுக்கி விழுவதும் காய்ச்சலும் பெரும்பாலும் மழையோடுதான் வரும், விறகு நனைவதும் அப்போதுதான். 2018 மார்கழியில் கிளிநொச்சி, முல்லைத்தீவில் வெள்ளம் வந்தபோது முற்றத்து விறகைக் காப்பாற்ற யாருக்கு நேரம் இருந்தது? அதனால் மூன்று மாதம் என்று வையுங்கள். ஒரு நாள் சமையலுக்குப் போகும் காய்ந்த விறகைத் தராசில் நிறுத்துப் பார்த்து நூறால் பெருக்குங்கள். நாலு கிலோ போனால் நானூறு கிலோ. மூன்று கல் அடுப்பு வைத்திருந்தால் விறகு குறைவாகத் தின்னும் அனகி என்ற களிமண் அடுப்புக்கு மாறுங்கள், அந்தக் கணக்கே நன்றாக இறங்கும்.

அளவைவிட முக்கியமான ஒன்று: எந்தப் பருமனில் கொத்துவது என்பது. கொத்துகிறவர் தன் கைக்குத்தான் கொத்துவார். நீங்களும் ஏதாவது காய்ச்சலில் விழுந்து மாமி அடுப்படிக்குப் போகவேண்டி வந்தால், அவ ஒரு கையால் தூக்கி வைக்கக்கூடியதாக அது இருக்கவேண்டும். பாலையும் வீரையும் தணல் நின்று எரியும், அதில் சந்தேகமில்லை, ஆனால் காய்ந்த பிறகு கோடாலி துள்ளும், பச்சையிலேயே பிளந்துவிட வேண்டும். பாதியைப் பாலையாகவும் மீதியை வேலியில் நிற்கும் சீமைக்கிளுவையாகவும் வைத்தால் இன்னும் நல்லது. கை மொத்தக் கிளைக்குக் கோடாலியே வேண்டாம், கத்தி போதும், வெட்ட வெட்டத் தளிர்க்கும். பற்றவைக்கக் காவோலை, தென்னம்பாளை, பன்னாடை, சிரட்டை எல்லாவற்றையும் யூரியா பையில் கட்டிப் பரணில் போடுங்கள்.

அப்புறம், சண்டை நடந்த பக்கத்து மரம் என்றால் கொத்தும் ஆளிடம் முன்பே சொல்லிவிடுங்கள். பட்டைக்குள் ஷெல் துண்டு இருக்கலாம், கோடாலி அதில் பட்டால் அடுத்த காயம் அங்கேதான்.

தை, மாசியில் அறுவடை முடிந்த கையோடு கொத்தி வெயிலில் பரப்பினால், சோளகக் காற்று புரட்டாசிக்குள் வேலையை முடித்துவிடும். புரட்டாசி கடைசிக்குள் கூரைக்குக் கீழே போகவேண்டும். தறப்பாளால் முழுதாகப் போர்த்து மூடாதீர்கள், மேலே மட்டும் போட்டுப் பக்கத்தைத் திறந்து விடுங்கள், இல்லாவிட்டால் உள்ளே புழுங்கிப் பூஞ்சணம் பிடிக்கும், பிறகு புகைதான்.

பாம்புக்கு வருகிறேன். மாமி சொன்னது உண்மைதான், புடையன், சுருட்டை போன்ற பாம்புகள் எலி இருக்கும் இடத்துக்கு வரும். அடுக்கை வீட்டுச் சுவரோடு ஒட்டி வைக்காமல் ஒரு முழ உயரத்துக்குக் கல் வைத்துத் தூக்குங்கள், கறையானுக்கும் அதுதான் மருந்து. நெல் மூட்டையைப் பக்கத்தில் வைக்காதீர்கள். எடுக்கும்போது ஒரே பக்கத்தால் எடுத்து வாருங்கள், முதலில் தடியால் தட்டுங்கள், இருட்டினால் டோர்ச் இல்லாமல் கை வைக்கவே கூடாது. இவ்வளவும் செய்த பிறகும் பாம்பு வரலாம், ஆனால் மழைக்காலத்தில் நீங்கள் தனியே காட்டோரம் குனிந்து பொறுக்கும்போது பாம்போடு யானையும் இருக்கிறது, வன இலாகாவும் இருக்கிறது. மாமியிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

கடைசியாகக் காசு விஷயம். அடுத்த பெட்டிக்கு விலை பேசும்போது குற்றிக்கு மட்டும் பேசாமல் கொத்துக்கூலியையும் சேர்த்தே பேசிவிடுங்கள். இவர் "நான் இருக்கிறேனே, எதற்குக் கூலி" என்பார். விடாதீர்கள்.

அன்புடன்,
அண்ணா