ஆமை நடை

அன்புள்ள சார்,

கரூரிலிருந்து வேலைக்காகச் சென்னை வந்து வருடக்கணக்காகிறது. இன்னும் இது என் ஊராகவில்லை. வார இறுதிச் சந்திப்புக் குழு ஒன்றில் சேர்ந்தேன். பெயர், ஊர், வேலை சொல்கிறோம், சாப்பிடுகிறோம், கலைகிறோம். திரும்பும்போது போனதைவிடத் தனியாக இருக்கிறது. ஒரு ஊரில் ஒட்டிக்கொள்ளக் குழு அவசியமா?

கே., வேளச்சேரி

அன்புள்ள கே.,

பழகுவதற்கென்றே கூடும் இடத்தில் பழகுவது கடினம். கைக்கு வேலை இருக்கிற கூட்டமாகத் தேடுங்கள். சென்னையில் இருக்கிறீர்கள், கடலாமை முட்டைகளைத் தேடிப் பாதுகாக்கக் கரையோரம் நடக்கும் ஆமை நடைக்குப் போகலாமே.

மாணவர் கடலாமைப் பாதுகாப்புக் குழுவினர் 1988 முதல் இதைச் செய்கிறார்கள். ஜனவரியில் பருவம் தொடங்கியதும் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை சுமார் 7 கிலோமீட்டர், இரவில் நடப்பார்கள். பங்குனி ஆமை எனும் கடலாமை முட்டையிடக் கரையேறித் திரும்பிய தடம் டிராக்டர் டயர் போன மாதிரி இருக்கும். அங்கே குச்சியால் குத்திப் பார்த்து, மண் இளகும் இடத்தைக் கையால் தோண்டினால் ஒன்றரை அடிக்குள் சுமார் நூறு முட்டை கிடைக்கும். ஒருவர் எடுக்க, ஒருவர் எண்ண, இன்னொருவர் பையைப் பிடிக்க வேண்டும். பொரிப்பகத்தில் அதே ஆழத்தில் புதைத்தால் ஏறக்குறைய 45 நாளில் குஞ்சு வரும். கடற்கரையிலேயே விட்டால் நாய் தோண்டும். தப்பிப் பிறந்தவையும் தெருவிளக்கைக் கடலென்று நம்பிச் சாலைக்கு ஏறிவிடும்.

இருட்டில் பக்கத்தில் வருபவர் முகம்கூடச் சரியாகத் தெரியாது. என்ன வேலை, எவ்வளவு சம்பளம் என்று யாரும் கேட்பதில்லை. 'பையைக் கொஞ்சம் பிடிங்க' என்பார்கள். தடமே கிடைக்காத இரவுகளும் நிறைய. 2025 ஜனவரியில் செத்த ஆமைகள் நூற்றுக்கணக்கில் ஒதுங்கின. அவற்றை எண்ணியபடி நடந்தவர்களுக்கு, அடுத்த வாரம் வராதவரை ஏன் வரவில்லை என்று விசாரிக்காமல் இருக்க முடியாது.

(குஞ்சு விடும் மாலைகளில் செல்ஃபிக்கு ஒரு கூட்டம் வரும். அதில் நிற்பதற்கு உங்கள் பழைய குழுவே தேவலை.)

குழு அவசியமா என்றால், எல்லோருக்கும் இல்லை. அந்தக் கரையின் மீனவர் குப்பங்களில் பிறந்தவர்களுக்கு எந்தக் குழுவும் வேண்டியிருக்கவில்லை. பிழைக்க வந்த நம்மைப் போன்றவர்களுக்குத்தான், நாம் போகாவிட்டால் அங்கே ஒரு கை குறையும் என்ற நினைப்பு தேவைப்படுகிறது. ஒரே இரவில் அது வராது.

பருவத்தில் வெள்ளி, சனி இரவுகளில் பொதுமக்களையும் அழைத்துப்போவார்கள். மறுநாள் காலையில் வேறு வேலை எதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள்.