காணாமல் போன மிருகங்களும் கண்முன் நிற்கும் சொந்தங்களும்

மறையூர் வாயனசாலையில், அதாவது நூலகத்தில், போன ஞாயிற்றுக்கிழமை அழிந்துபோன பாலூட்டிகளைப் பற்றிப் பேசினேன். முப்பது வருடம் பள்ளியில் விலங்கியல் நடத்தியவன் நான். அன்று சீட்டில் எழுதிக் கொடுத்த கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்ல நேரம் போதவில்லை. இங்கே எழுதுகிறேன்.

காந்தளூரில் மாடு வளர்ப்பவர்: சார், எஸ்டேட்டுக்குள் வருகிற காட்டுமாடுதானே நம் வீட்டு மாட்டுக்கு மூதாதை?

இல்லை அண்ணே. காட்டுமாடு பங்காளி முறைதான், பாட்டன் இல்லை. நம் திமில் மாட்டுக்குப் பாட்டன், ஆரோக்ஸ் என்கிற காட்டினத்தின் இந்தியக் கிளை. சிந்து நதிப் பக்கம் ஏறக்குறைய 8000 வருடங்களுக்கு முன்பே அதைப் பழக்கிவிட்டார்கள். காட்டில் இருந்தவை பிறகு அழிந்தன. ஐரோப்பியக் கிளையின் கடைசிப் பசு 1627-ல் போலந்தில் செத்தது. உங்கள் தொழுவத்தில் அசைபோட்டு நிற்பது அந்த அழிந்த இனத்தின் வாரிசு. காட்டுமாட்டுக்கும் பழகிய சொந்தம் உண்டு. வடகிழக்கு மலைகளில் வளர்க்கும் மிதுன்தான் அது.

பிளஸ் டூ மாணவி: மாமத் யானைக்கு ஆப்பிரிக்க யானைதானே நெருங்கிய சொந்தம்? இரண்டும் பெரிய உருவம்.

உருவத்தை வைத்துச் சொந்தம் சொல்ல முடியாது பாப்பா. மரபணுவைப் பார்த்தால், மூணாறு ரோட்டை மறித்து நிற்கிறானே நம் கொம்பன், அவன்தான் மாமத்துக்கு நெருக்கம். ஆப்பிரிக்க யானையின் கிளை அதற்கும் முன்பே பிரிந்துவிட்டது. கடைசி மாமத்துகள் ரஷ்யாவின் வடகோடியில் ராங்கல் தீவில், சுமார் 4000 வருடங்களுக்கு முன்புவரை இருந்தன. அப்போது எகிப்தில் பிரமிடுகள் எழும்பி நின்றாகிவிட்டது.

குமுளியிலிருந்து வந்த டிரைவர்: ராமேஸ்வரம் பக்கம் மீனவர்கள் ஆவுளியா என்று ஒன்றைச் சொல்கிறார்கள். அது திமிங்கல வகையா?

சீட்டைப் படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. ஆவுளியா, அதாவது கடல்பசு, திமிங்கலம் இல்லை, யானைக்குச் சொந்தம்! ஆண் கடல்பசுவுக்குச் சின்னத் தந்தம்கூட முளைக்கும். யானைத் தந்தம் மாதிரியே அதுவும் வெட்டுப்பல் நீண்டு வந்ததுதான். தாய்க்கு மடி முன்காலோரம், அக்குள் பக்கம் இருக்கும். யானைக்கும் முன்காலுக்கு நடுவேதான். யானைக் குட்டி பால் குடிப்பதைப் பார்த்திருப்பீர்கள்.

இதற்கு ஒரு பெரியண்ணன் இருந்தது. 1741-ல் பெரிங் என்ற கடலோடியின் கப்பல் கரைதட்டிய தீவில், கூடப் போன ஸ்டெல்லர் என்ற இயற்கையியலாளர் அதைக் கண்டு எழுதிவைத்தார். எட்டு மீட்டர் நீளம், வாயில் பல்லே கிடையாது, தட்டு போன்ற கொம்புப் பொருளால் கடற்பாசியை அரைத்துத் தின்னும், மனிதனைக் கண்டால் ஓடத் தெரியாது. ரோமத்துக்காக வேட்டைக்குப் போனவர்கள் வழிச்சாப்பாட்டுக்கு அடித்தே தீர்த்தார்கள். 1768-க்குப் பிறகு ஒன்றுகூட இல்லை. எழுதிவைத்த 27 வருடத்தில் ஓர் இனமே போனதை வகுப்பில் சொல்லும்போது ஒவ்வொரு தடவையும் எனக்குத் தொண்டை அடைக்கும்.

அந்தக் குடும்பத்தில் மிஞ்சியது ஆவுளியா மட்டும். அதற்காக 2022-ல் தமிழ்நாடு அரசு பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரைக் காப்பகமாக அறிவித்தது. கடல்புல் இருந்தால்தான் அது பிழைக்கும். அடுத்த தடவை போகும்போது மீனவர்களிடம் கடல்புல்லைப் பற்றியும் கேளுங்கள்.

ஆறாம் வகுப்புத் தம்பி: டாஸ்மேனியப் புலி புலியா, நாயா?

இரண்டும் இல்லை. கங்காரு போலப் பைக்குள் குட்டி வளர்ப்பது. முதுகில் வரி இருந்ததால் புலி என்றார்கள். ஆடு தின்கிறதென்று அரசே தலைக்கு ஒரு பவுண்டு கொடுத்துக் கொல்லவைத்தது. கடைசியாகத்தான் சட்டப் பாதுகாப்பு வந்தது. வந்து 59-ஆம் நாள், 1936 செப்டம்பர் 7 அன்று, ஹோபார்ட் மிருகக்காட்சிசாலையில் கடைசி ஒன்றும் செத்தது. சொந்தங்களில் டாஸ்மேனிய டெவிலும், கறையான் தின்னும் நம்பட்டும் இருக்கின்றன.

சின்னாறு வழியாக வேலைக்குப் போகும் பெண்: மலபார் வெருகு அழிந்துவிட்டதா? ராத்திரி புள்ளி போட்ட ஒன்று ரோட்டைத் தாண்டியது.

மலபார் வெருகு பெரிய புனுகுப்பூனை வகை. அழிந்தது என்று யாரும் முடிவாக எழுதவில்லை அம்மா. 1987-ல் நிலம்பூர் பக்கம் தோல்கள் கிடைத்தன. ஆனால் அது ஈரமான தாழ்நிலக் காடுகளுக்குரிய பிராணி. சின்னாறோ மழைமறைவுக் காடு. நீங்கள் பார்த்தது சாதாரணச் சின்னப் புனுகுப்பூனையாகத்தான் இருக்கும். வெருகு அதைவிடப் பெரிது, முதுகெலும்பு நெடுக கறுத்த பிடரிமயிர் ஓடும். இன்னொரு தடவை கண்ணில் பட்டால் வண்டியை நிறுத்தி, இறங்காமல் ஒரு போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள். முதுகு தெரிகிற மாதிரி எடுங்கள்.