ஒரு லட்சம் அட்வான்ஸை நாளைக்கே கொடுக்காதீர்கள்

கேள்வி: நான் விருதுநகர் பக்கம். கணவர் இறந்து ஆறு வருடம் ஆகிறது. மகளுக்குத் தை மாதம் கல்யாணம் பேசியிருக்கிறோம். நகை எடுத்தாயிற்று. அது போகக் கையில் 4 லட்சம் இருக்கிறது. 300 பேர் வருவார்கள். மண்டபம், சாப்பாடு, மேளம், மேடை அலங்காரம் எல்லாம் சேர்த்து 3,60,000 ரூபாய்க்கு 'பேக்கேஜ்' என்கிறார் ஒருவர். நாளைக்குள் ஒரு லட்சம் கொடுத்தால்தான் தேதி நிற்குமாம். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள் அம்மா. இருபத்தைந்து வருடமாகக் கல்யாணச் சமையல் எடுத்து நடத்துகிறவன் சொல்கிறேன். 'நாளைக்குள்' என்று அவசரப்படுத்துகிறவரிடம் பெரும்பாலும் மண்டபமும் இருக்காது, அடுப்பும் இருக்காது. உங்கள் பணத்தில் கொஞ்சத்தை மண்டபத்துக்குக் கட்டிவிட்டு, மீதியை வேறு கல்யாணத்துக்குப் புரட்டுவார். நாளைக் காலையில் நீங்களே மண்டப அலுவலகத்துக்குப் போய், அந்தத் தேதி காலியா, வாடகை எவ்வளவு, வெளிச் சமையல்காரரை விடுவார்களா என்று கேளுங்கள். முன்பணத்தை அங்கேயே கட்டி, மண்டபத்தின் பெயரில் ரசீது வாங்குங்கள். தை மாதத்திலும் ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தத்துக்கு ஒரு வாடகை, புதன், வியாழனுக்கு ஒரு வாடகை. பேசினால் குறையும்.

பேக்கேஜில் சொல்லாமல் விடுவது நிறைய. கரண்ட் யூனிட் கணக்கு, ஜெனரேட்டர் டீசல், சிலிண்டர், பாத்திர வாடகை, துப்புரவுக் கூலி எல்லாம் பெண்ணை அனுப்பிவிட்டுச் சாவியைத் திருப்பித் தரும்போதுதான் வரும். சாவி வாங்கும்போதே மின் மீட்டரை செல்போனில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். ஜிஎஸ்டியும் அப்படித்தான். மண்டப வாடகைக்கு 18 சதவீதம், வெளியிலிருந்து வந்து சமைத்துப் போடும் கேட்டரிங்குக்கு 5 சதவீதம். எல்லாவற்றையும் ஒரே பில்லில் போட்டு மொத்தத்துக்கும் 18 கேட்பவர்கள் இருக்கிறார்கள். தனித்தனியாகப் பேசினால் அந்தத் தொல்லை இல்லை.

செலவைக் குறைக்க ஒரே பெரிய வழி, முதல்நாள் ராத்திரி விருந்தை விட்டுவிடுவது. காலை டிபன், மதியம் சாப்பாடு, அவ்வளவு போதும். மாப்பிள்ளை வீட்டாரிடம் இப்போதே பேசிவிடுங்கள். பத்திரிகை அடித்த பிறகு பேச வாய் வராது.

சமையலைக் கூலிக்கு விட்டு, மளிகையை நீங்கள் வாங்குங்கள். ஆனால் மாஸ்டர் எழுதித் தரும் பட்டியலை அப்படியே கடையில் நீட்டாதீர்கள். சில மாஸ்டர்களுக்குக் கடையில் கமிஷன் உண்டு. என் தொழில்தான், அதனால்தான் வயிறு எரிகிறது. ஒரு கிலோ அரிசி எட்டுப் பேருக்குத் தாராளம். 300 பேருக்கு 40 கிலோ வாங்கினால் மிஞ்சும். பட்டியலில் மூன்று சிப்பம் (25 கிலோ மூட்டை) என்று இருந்தால், 75 கிலோவுக்குக் குறையாது. மீதி எங்கே போகும் என்று கேளுங்கள்.

ஒரு இலைக்கு இவ்வளவு என்று காசு வாங்கும் இலைக் கணக்குக்கு ஒத்துக்கொண்டால் இன்னும் கவனம் வேண்டும். ஒரு கல்யாணத்தில் 300 பேருக்கு 430 இலை என்று எழுதி நீட்டினார் சமையல் ஒப்பந்தக்காரர். பெண்ணின் அம்மா கூடத்தில் நின்று அழுதார். கிழிந்த இலை, குழந்தைக்குப் போட்ட இலை, மேளக்காரர் சாப்பிட்டது, பரிமாறின பையன்கள் சாப்பிட்டது எல்லாம் அதில் இருந்தது. பந்தி தொடங்கும் முன் இலைக்கட்டுகளை உங்கள் வீட்டுப் பையன் ஒருவன் எண்ணி எழுதட்டும். முடிந்ததும் மிச்சத்தை எண்ணட்டும். யார் யார் இலை கணக்கில் சேராது என்பதையும் முதலிலேயே எழுதி வாங்குங்கள்.

இப்போது நீங்கள் கேட்காத ஒன்று. 'தாலிக்குத் தங்கம் வாங்கித் தருகிறேன், 5,000 கொடுங்கள்' என்று யாராவது வருவார்கள். ஏழைப் பெண்களுக்கான பழைய மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் திட்டம் 2022-ல் கல்லூரி மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் உதவியாக மாறிவிட்டது. ஆனால் கணவரை இழந்த தாயின் மகளுக்கு என்று ஈ.வெ.ரா. மணியம்மையார் நினைவுத் திட்டம் தனியாக இருக்கிறது. அது நிற்கவில்லை. பலர் இரண்டையும் குழப்பி, 'அதெல்லாம் நிறுத்திட்டாங்க' என்று உங்களைப் போன்றவர்களைத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். 25,000 ரூபாய், பெண் பட்டமோ பட்டயமோ முடித்திருந்தால் 50,000. அதோடு தாலிக்கு 8 கிராம் தங்கம். கல்யாணத்துக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும், முடிந்த பிறகு போனால் கிடைக்காது. இ-சேவை மையத்தில் பதியலாம். சந்தேகம் இருந்தால் மாவட்டச் சமூக நல அலுவலகத்துக்கே நேரில் போங்கள். விதவைச் சான்று, வருமானச் சான்று, மகளின் வயதுச் சான்று, படிப்புச் சான்று, கல்யாணப் பத்திரிகை எல்லாம் கேட்பார்கள். கணவரை இழந்தவரை ஒவ்வொரு சான்றுக்கும் ஒரு அலுவலகம் என்று அலைய விடுவது எனக்கு ஆத்திரமாக வருகிறது. ஆனாலும் இடைத்தரகர் கையில் மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.

அந்த உதவிப் பணத்தை உங்கள் 4 லட்சத்தோடு சேர்த்துக் கணக்குப் போடாதீர்கள். கல்யாணம் முடிந்து எத்தனையோ நாள் கழித்துத்தான் பலருக்குக் கைக்கு வந்திருக்கிறது. முகூர்த்தம் தையில் என்றால், பத்திரிகையைச் சீக்கிரம் அடித்து, ஐப்பசியிலேயே விண்ணப்பத்தைப் போட்டுவிடுங்கள். ஏதாவது ஒரு சான்றில் பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தால், அதைத் திருத்தவே ஒரு மாதம் ஓடிவிடும்.