மூன்று வாரம் வீடியோ போடவில்லை, சேனல் போய்விட்டதா?

கேள்வி: ஈரோடு அருகே வீட்டிலேயே தையற்கடை நடத்துகிறேன். பதினான்கு மாதங்களாக ப்ளவுஸ் கட்டிங் சொல்லித்தரும் யூடியூப் சேனலும் வைத்திருக்கிறேன். 61 வீடியோக்கள், 1,340 சந்தாதாரர்கள், 2,600 மணி நேரப் பார்வை நேரம். எடிட்டிங் செய்வது என் தம்பி மகள். தினமும் வீடியோ போடாவிட்டால் அல்காரிதம் கைவிட்டுவிடும் என்று சேனல் வளர்த்துக் கொடுக்கும் ஒருவர் சொன்னார். அதனால் தையல் வீடியோ இல்லாத நாட்களில் சமையல், கோலம், கோயில் என்று எதையாவது போட்டு வந்தேன். பிறகு மாமியாரின் அறுவைச் சிகிச்சையால் மூன்று வாரம் எதுவும் போட முடியவில்லை. வியூஸ் பாதியாகிவிட்டது. 18,000 ரூபாயும் பாஸ்வேர்டும் கொடுத்தால் தினமும் தானே வீடியோ போட்டு, விளம்பர வருமானத்திற்குத் தேவையான 4,000 மணி நேரப் பார்வையை முடித்துத் தருவதாக அதே நபர் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: பணத்தையும் கொடுக்காதீர்கள், பாஸ்வேர்டையும் கொடுக்காதீர்கள். உங்கள் சேனலுக்கு வந்த கோளாறு மூன்று வார இடைவெளியால் வந்ததன்று என்பதே என் கணிப்பு. அதற்கு முன் தினமும் போட்டாக வேண்டும் என்ற பயத்தில் நீங்கள் போட்ட சாம்பார், கோல வீடியோக்களால் வந்தது.

விடாமல் செய்ய வேண்டும் என்று எல்லோரும் சொல்வது உண்மைதான். ஆனால் எதை விடாமல் செய்ய வேண்டும் என்பதில்தான் எல்லோரும் வழுக்குகிறார்கள். கட்டோரி ப்ளவுஸ் வெட்டக் கற்க வந்த ஒரு பெண் உங்கள் சேனலில் சேர்கிறார். மறுநாள் அவருக்கு உங்கள் வத்தக்குழம்பு காட்டப்படுகிறது. அவர் அதைத் தொடாமல் கடந்து போகிறார். இப்படிப் பலரும் பல நாள் கடந்து போனால், உங்கள் வீடியோவை யாருக்குக் காட்டுவது என்பதற்கு யூடியூபிடம் இருந்த தடயம் கலங்கிவிடுகிறது, அடுத்து நீங்கள் போடும் நல்ல கட்டிங் வீடியோவும் அந்தக் கலக்கத்தில் மாட்டிக்கொள்கிறது. இடைவெளி விட்டதற்காக எந்தச் சேனலையும் தண்டிப்பதில்லை என்று யூடியூபே படைப்பாளிகளுக்கு விளக்கம் சொல்லியிருக்கிறது.

விதிமுறை உங்களிடம் கேட்கும் தொடர்ச்சி எவ்வளவு என்று பாருங்கள். 500 சந்தாதாரர்களும் கடந்த ஓராண்டில் 3,000 மணி நேரமும் உள்ளவர்களுக்கு யூடியூபில் வருமானம் பெறும் திட்டத்தில் 2023-இல் ஒரு தொடக்க நிலை வந்தது. அதில் விளம்பர வருமானம் கிடைக்காது. ரசிகர்கள் நேரடியாகத் தரும் பணத்தைப் பெறலாம். அந்த நிலைக்குக் கேட்கப்படும் பதிவேற்றம், 90 நாட்களில் மூன்று வீடியோக்கள். அதாவது மாதத்திற்கு ஒன்று. விளம்பர வருமானம் தொடங்கிய பிறகும், ஆறு மாதமோ அதற்கு மேலோ வீடியோவும் சமூகப் பதிவும் போடாமல் இருந்தால்தான் அதை நிறுத்தும் உரிமையை யூடியூப் வைத்துக்கொண்டிருக்கிறது. தினமும் ஒன்று என்ற விதி எந்தப் பக்கத்திலும் இல்லை. அதை விற்பனைச் சரக்காக வைத்திருப்பவர்களிடம் மட்டுமே இருக்கிறது.

இனி அந்த 4,000 மணி நேரம். இது சேனல் தொடங்கிய நாளிலிருந்து கூட்டுவதன்று, கடந்த 12 மாதக் கணக்கு. பார்க்கப்பட்ட தேதிதான் கணக்கு, பதிவேற்றிய தேதியன்று; போன வருடம் போட்ட வீடியோவை ஒருவர் இன்றைக்குப் பார்த்தாலும் அது இன்றைய கணக்கில் சேரும். 4,000 மணி என்றால் 2,40,000 நிமிடங்கள். ஒருவர் சராசரியாக ஆறு நிமிடம் பார்த்தால் 40,000 பார்வைகள் போதும், நாளொன்றுக்கு ஏறத்தாழ 110. உங்களிடம் உள்ள 61 வீடியோக்களையும் தினமும் இரண்டு இரண்டு பேர் பார்த்தாலே கணக்கு நேராகிவிடும். ப்ளவுஸ் கட்டிங் பழசாகிற விஷயமில்லை என்பது உங்களுக்குக் கிடைத்த பெரிய வசதி. ஷார்ட்ஸ் வரிசையில் பார்க்கப்படும் நேரம் இந்த 4,000-இல் சேராது. அதற்கு 90 நாட்களில் ஒரு கோடிப் பார்வைகள் என்ற வேறு கணக்கு இருக்கிறது. பழைய வீடியோக்களைப் பிரைவேட் ஆக்கினாலும் அழித்தாலும் அவற்றின் நேரம் கழிந்துவிடும், அவசரப்பட வேண்டாம்.

தினமும் போட்டே ஆக வேண்டியவர்களும் உண்டு, அதை மறைக்கவில்லை. தங்கம் விலை, பங்குச் சந்தை, டிஎன்பிஎஸ்சி நடப்பு நிகழ்வுகள் போன்றவற்றைச் சொல்பவர்களின் சரக்கு மறுநாள் காலாவதியாகிவிடும். பார்வையாளர் தேதியைத் தேடித்தான் வருகிறார். தையலுக்கு இது பொருந்தாது. ஆனால் உங்கள் தொழிலிலும் பருவம் உண்டே என்று நீங்கள் கேட்கலாம், கேட்க வேண்டிய கேள்விதான். தீபாவளிக்கு முன்பும் ஆவணி முகூர்த்தங்களுக்கு முன்பும்தான் ஆரி வேலை ப்ளவுஸையும் பட்டுப் புடவை ப்ளவுஸையும் ஜனங்கள் தேடுவார்கள். அதே வாரங்களில்தான் உங்கள் கடையிலும் ஆர்டர் குவிந்து கேமராவைத் தொட நேரம் இருக்காது. ஆகவே வேலை ஓய்ந்த வாரங்களில் நான்கைந்து வீடியோக்களை எடுத்து வைத்துக்கொண்டு, ஷெட்யூல் வசதியில் வாரம் ஒன்றாகத் தேதி குறித்துவிடுங்கள். மாமியாருக்கு மறுபடி மருத்துவமனை என்றாலும் அவை தாமாகவே வெளியாகும். வாரம் ஒன்று முடியவில்லையென்றால் இரண்டு வாரத்திற்கு ஒன்று. எது உங்களால் ஓராண்டுக்குத் தாங்குமோ அதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

18,000 ரூபாய்க்காரரிடம் வருகிறேன். மணி நேரத்தை முடித்துத் தருகிறேன் என்று வாட்ஸ்ஆப்பில் வருபவர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்வார்கள்: போலிக் கணக்குகளைக் கொண்டு வீடியோக்களை ஓடவிடுவார்கள், அல்லது நீ என்னைச் சேர், நான் உன்னைச் சேர்கிறேன் என்ற குழுவில் உங்களைத் தள்ளுவார்கள். இரண்டும் போலி ஈடுபாடு என்று விதியிலேயே தடுக்கப்பட்டவை. அந்த மணிகள் செல்லாது, சேனலே நீக்கப்படலாம். தினமும் அவரே போடுவதாகச் சொல்லும் வீடியோக்கள் எங்கிருந்து வரும் என்றும் யோசியுங்கள். பிறர் வீடியோவை வெட்டி ஒட்டியிருப்பார், அல்லது இயந்திரக் குரலில் ஒரே அச்சில் வார்த்திருப்பார். அச்சில் வார்த்தவற்றுக்கு எதிரான பழைய விதிக்கு 2025 ஜூலையில்தான் ‘அசலற்ற உள்ளடக்கம்’ என்ற பொருளில் புதுப் பெயர் வைத்தார்கள். 4,000 மணி காட்டினாலும் பரிசீலனையில் உங்கள் விளம்பர வருமான விண்ணப்பம் தள்ளுபடியாகும். அப்போது அந்த நபரின் தொலைபேசி எடுக்கப்படாது.

தள்ளுபடியானால் என்ன நடக்கும் என்று பலமுறை பார்த்திருக்கிறேன். விதியின் பெயரைச் சொல்லி ஒரு மின்னஞ்சல் வரும். 61-இல் எந்த வீடியோ குற்றவாளி என்று பெரும்பாலும் சொல்லாது. முதல் முறையென்றால் 30 நாள் கழித்து மறுபடி விண்ணப்பிக்கலாம், அடுத்த முறைகளில் 90 நாள். உழைத்தவருக்கு ஒரு மனிதக் குரலில் பதில் சொல்ல இவ்வளவு பெரிய நிறுவனத்திற்கு ஏன் மனம் வரவில்லை என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. இந்த மௌனத்தில்தான் இடைத்தரகர்கள் கடை விரிக்கிறார்கள்.

சமையல், கோல வீடியோக்கள் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். பிளேலிஸ்டில் தையலை மட்டும் தனியே தொகுத்து முகப்பில் முதலில் வையுங்கள், இனிப் புதிதாகத் தையல் மட்டும் போடுங்கள். தம்பி மகளுக்கும் பாஸ்வேர்டு தேவையில்லை. யூடியூப் ஸ்டூடியோவின் அமைப்புகளில் அனுமதிகள் என்ற பகுதியில் அவளுடைய மின்னஞ்சலைச் சேர்த்து ‘எடிட்டர்’ பொறுப்பு கொடுங்கள்; வீடியோ ஏற்றவும் திருத்தவும் அவளால் முடியும், சேனலை அழிக்க முடியாது. அந்த நபரிடம் ஏதாவது ஒரு நாள் பாஸ்வேர்டைச் சொல்லியிருந்தால் இன்றே மாற்றி, இரண்டு படிச் சரிபார்ப்பையும் போட்டுவிடுங்கள்.