டாக்ஸி என்பது வண்டியா, மீட்டரா? சொல் பற்றிய கேள்வி-பதில்

கேள்வி: டாக்ஸி எந்த மொழிச் சொல்?

பதில்: அது முதலில் வண்டியின் பெயரே அல்ல, வண்டிக்குள் இருந்த கருவியின் பெயர். இடைக்கால லத்தீனில் 'டாக்ஸா' என்றால் விதித்த கட்டணம். கிரேக்கத்தில் 'மெட்ரான்' என்றால் அளவு. இரண்டையும் ஒட்டி ஜெர்மானியர் 'டாக்ஸாமீட்டர்' என்றார்கள். பிரெஞ்சுக்காரர் வாயில் அது 'டாக்ஸிமெத்ர்' ஆனது. ஆங்கிலத்தில் 'டாக்ஸிமீட்டர் கேப்', அதாவது மீட்டர் பொருத்திய வாடகை வண்டி, 'டாக்ஸிகேப்' எனச் சுருங்கியது. 1907 வாக்கில் வெறும் டாக்ஸி. அந்த ஆண்டில்தான் நியூயார்க்கில் ஹாரி ஆலன் என்ற தொழிலதிபர் பிரான்சிலிருந்து வரவழைத்த பெட்ரோல் கார்களை மீட்டரோடு ஓடவிட்டார். ஆக, மீட்டர் போட மறுக்கும் டாக்ஸி சொல்லின்படி டாக்ஸியே இல்லை!

கேள்வி: ஐரோப்பாவில் அஞ்சல் நடத்திய டாக்ஸிஸ் குடும்பத்தின் பெயர்தானே இது?

பதில்: இல்லை, ஒலி ஒற்றுமை மட்டுமே. அவர்கள் இத்தாலியின் தாஸ்ஸோ குடும்பத்தார். தாஸ்ஸோ என்றால் வளைக்கரடி (ஆங்கிலத்தில் பேட்ஜர்).

கேள்வி: வரியைக் குறிக்கும் 'டாக்ஸ்' இதற்கு உறவா? இறந்த விலங்கின் தோலைப் பாடம்செய்யும் 'டாக்ஸிடெர்மி'?

பதில்: டாக்ஸ் நெருங்கிய உறவு. இரண்டுக்கும் மூலம் 'மதிப்பிடு' என்ற பொருளுள்ள லத்தீன் 'டாக்ஸாரே'. 'டாஸ்க்' என்ற சொல்லும் டாக்ஸாவில் ஒலி இடம்மாறிப் பிறந்ததே. டாக்ஸிடெர்மி வேறு வழி: கிரேக்க 'டாக்ஸிஸ்' (ஒழுங்குபடுத்தல்), 'டெர்மா' (தோல்).

கேள்வி: 'கேப்' எங்கிருந்து வந்தது?

பதில்: 'கேப்ரியோலே' என்ற இலகுவான இரு சக்கரக் குதிரை வண்டியிலிருந்து. துள்ளித் துள்ளி ஓடியதால் ஆட்டின் துள்ளலைக் குறிக்கும் சொல் பெயரானது.

கேள்வி: சிக்னலில் நிற்கும்போதும் மீட்டர் ஏறுகிறதே, கோளாறா?

பதில்: கோளாறு இல்லை. மீட்டருக்குள் தூரம், நேரம் என்று இரண்டு கணக்கு உண்டு. கிலோமீட்டருக்கு 20 ரூபாய், காத்திருப்புக்கு மணிக்கு 120 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 120-ஐ 20-ஆல் வகுத்தால் 6. வேகம் மணிக்கு 6 கி.மீ.க்குக் கீழே போனால் நேரக் கணக்கு ஓடும். மேலே போனால் தூரக் கணக்கு.

சந்தேகப்பட வேண்டியது டயரை. மீட்டர் சாலையை அளப்பதில்லை, சக்கரம் சுற்றுவதைத்தான் எண்ணுகிறது. 600 மி.மீ. விட்டமுள்ள டயரில் ரப்பர் 6 மி.மீ. தேய்ந்தால், இரு பக்கமும் சேர்த்து 12 குறைந்து விட்டம் 588 ஆகும். அதே தூரத்துக்குச் சக்கரம் சுமார் 2 சதவீதம் கூடுதலாகச் சுற்றும், கட்டணமும் அதே அளவு கூடும். வேறு அளவு டயர் மாட்டினால் மீட்டரை மறுபடி சோதித்து முத்திரை வாங்க வேண்டும்.

கேள்வி: தமிழில் 'வாடகைக் கார்' என்றே எழுதலாமா?

பதில்: எழுதலாம். ஆனால் நாள் வாடகைக்கு எடுத்து நாமே ஓட்டும் காரும் வாடகைக் கார்தான். மீட்டர் வைத்த வண்டியை மட்டும் சொல்ல வேண்டிய இடத்தில் டாக்ஸி என்பதே தெளிவு.