கூட்டத்துக்குள் ஒரு கொலு பொம்மை

நவராத்திரி வந்துவிட்டால் பின்னாலேயே தீபாவளி, கார்த்திகை, கிறிஸ்துமஸ், பொங்கல் என்று வரிசை கட்டி நிற்கும். திருமண மண்டபம், பள்ளி மைதானம் என்று இடம் கிடைத்த இடத்தில் எல்லாம் கைவினைக் கண்காட்சி போட்டுவிடுகிறார்கள். இந்த வாரம் எடுத்துக்கொண்ட கேள்விகள் எல்லாம் அதைப் பற்றித்தான்.

கேள்வி: ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மாமியாரையும் ஐந்து வயது மகனையும் கூட்டிக்கொண்டு ஒரு கைவினைச் சந்தைக்குப் போனேன். இரண்டு மணி நேரம் இடிபட்டதுதான் மிச்சம். அவசரத்தில் வாங்கிய மரப்பலகை ஓவியம், வாங்கி வந்த பிறகு பார்த்தால் சுவரில் கொள்ளவில்லை. அடுத்த முறை எப்படிப் போவது?
— வாசகி, குரோம்பேட்டை

பதில்: ஞாயிறு சாயங்காலம் போனதுதான் முதல் தப்பு. ஊரே அப்போதுதான் வரும். வேலைநாள் காலையில், கடை விரித்த ஒரு மணி நேரத்துக்குள் போய்ப் பாருங்கள். விற்கிறவருக்கும் பேச நேரம் இருக்கும், நீங்களும் பொருளைத் திருப்பித் திருப்பிப் பார்க்கலாம்.

முதல் நாளா, கடைசி நாளா என்பது வாங்கப்போகும் பொருளைப் பொறுத்தது. ஓவியம், பொம்மை செட் மாதிரி ஒன்றே ஒன்று இருப்பதற்கு முதல் நாள். பாய், ஜமக்காளம், மண் சட்டி மாதிரி ஒரே தினுசில் அடுக்கி வைத்திருப்பதற்குக் கடைசி நாள் சாயங்காலம். திரும்ப மூட்டை கட்டி லாரியில் ஏற்றுவதைவிட விலையைக் குறைத்துக் கொடுப்பதே மேல் என்று அப்போது பலரும் இறங்கி வருவார்கள்.

கைப்பையில் ஒரு இஞ்சி டேப் போட்டுக்கொள்ளுங்கள். சுவரின் அளவு, கொலுப்படியின் உயரம், அகலம் எல்லாம் போனில் குறித்திருக்கட்டும். கடையில் சின்னதாகத் தெரிகிற பொம்மை வீட்டுப் படியில் வைத்தால் மேல்படியில் தலை இடிக்கும். செட்டாக வாங்கினால் கட்டுவதற்கு முன் எண்ணிப் பாருங்கள். கூட்ட நெரிசலில் கடைக்காரர் அவசரமாகக் கட்டிக் கொடுத்த தசாவதார செட்டை வீட்டில் பிரித்தபோது எங்களுக்கு வாமனர் இரண்டு பேர், பரசுராமர் ஆளையே காணோம். கண்காட்சி அன்றோடு முடிந்திருந்தது. அந்த வருடம் ஒன்பது அவதாரத்தோடுதான் கொலு.

பணம் கொஞ்சம் ரொக்கமாக இருக்கட்டும், அதுவும் நூறும் இருநூறுமாக. ஆயிரம் பேர் ஒரே கூரைக்குக் கீழ் நின்றால் சிக்னல் சுற்றிக்கொண்டே இருக்கும். க்யூஆர் அட்டையை ஸ்கேன் செய்ததும் திரையில் வரும் பெயரைக் கடைக்காரரிடம் காட்டிவிட்டு அனுப்புங்கள். இரண்டு கடைக்காரர்கள் ஒரு மேஜையைப் பங்கு போட்டிருக்கும் இடங்களில் பணம் அடுத்தவர் கணக்குக்குப் போவது சகஜம்.

"ஒரு சுற்று பார்த்துவிட்டு வந்து வாங்கலாம்" என்கிற பழைய புத்தி இங்கே பாதிதான் உதவும். பிடித்த கடையின் எண்ணைக் குறித்துக்கொண்டு நகருங்கள். பொருளைப் படம் எடுப்பதானால் கேட்டுவிட்டு எடுங்கள். தன் டிசைனைப் படம் பிடித்துப் போய் வேறு இடத்தில் செய்ய வைக்கிறார்கள் என்கிற கசப்பு சின்னத் தயாரிப்பாளர்கள் பலருக்கு உண்டு.

மாமியாருக்கு நாற்காலி கிடைக்குமா என்று முன்கூட்டியே விசாரித்துவிட்டுப் போங்கள். மகனை வீட்டில் விட்டுவிடுங்கள்.

கேள்வி: எல்லாக் கடையிலும் 'கையால் செய்தது' என்று எழுதி வைத்திருக்கிறார்கள். மொத்தக் கடையில் வாங்கி வந்து விற்பதை எப்படிக் கண்டுபிடிப்பது?
— வாசகர், ஸ்ரீரங்கம்

பதில்: எல்லாப் பொருளுக்கும் பொருந்துகிற ஒரே சோதனை கிடையாது. பொருளுக்குப் பொருள் மாறும்.

கொலு பொம்மையில் தொடங்குவோம். அச்சில் செய்தது என்றால் கைவேலை இல்லை என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. களிமண்ணை இரண்டு பாதி அச்சில் அழுத்தி, ஒட்டி, காயவைத்துச் சுட்டு, வண்ணம் தீட்டுவதுதான் காலங்காலமாக வரும் முறை. காஞ்சிபுரம், பண்ருட்டி, மதுரை பக்கத்து விளாச்சேரி எல்லாம் இந்தத் தொழிலுக்குப் பேர் போன ஊர்கள். பார்க்க வேண்டியது இரண்டு இடம். ஒன்று அடிப்பாகம்: சுட்ட மண் என்றால் செங்கல் நிறம், காகிதக்கூழ் என்றால் கையில் எடுத்தாலே கனம் இருக்காது, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் என்றால் நகத்தால் சுரண்டியதும் வெள்ளைப் பொடி வரும். பிளாஸ்டரைக் காகிதக்கூழ் விலைக்கு விற்பதுதான் இந்தத் தொழிலில் அதிகம் நடக்கிற ஏமாற்று. இன்னொன்று கண். ஒரே அச்சில் வந்த இரண்டு மீனாட்சியைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கையால் எழுதிய கண் என்றால் ஒருத்தி கொஞ்சம் மேலே பார்ப்பாள், இன்னொருத்தி புருவம் தடித்திருப்பாள்.

பத்தமடைப் பாயில் கோரையின் அகலம் இழைக்கு இழை சற்று மாறும், சாயமும் ஒரே சீராக ஏறியிருக்காது, மூக்கருகே கொண்டுபோனால் புல் வாசனை வரும். பிளாஸ்டிக் இழைப் பாய் கோடு போட்ட மாதிரி ஒரே சீராக மினுங்கும்.

சேலை விஷயத்தில் ஒரு தப்பான பாடம் பரவிக் கிடக்கிறது. கரை ஓரத்தில் வரிசையாக ஊசித் துளை இருந்தால் கைத்தறி என்பார்கள். துணி சுருங்காமல் இழுத்துப் பிடிக்கும் சாதனம் விசைத்தறியிலும் உண்டு, அதுவும் துளை போடும். அதை மட்டும் நம்பாதீர்கள். 2006-ல் வந்த கைத்தறி முத்திரை இருக்கிறதா பாருங்கள். பட்டு முத்திரை வேறு விஷயம். அது நூல் அசல் பட்டு என்று சொல்கிறதே தவிர, கைத்தறியில் நெய்ததா என்று சொல்லாது. விசைத்தறிப் பட்டுக்கும் அது கிடைக்கும்.

அச்சுக்கட்டையால் அடித்த துணியில் டிசைன் முடிந்து மறுபடி தொடங்கும் இடத்தைத் தேடுங்கள். அங்கே இம்மியளவு விலகலோ, ஒன்றின் மேல் ஒன்று ஏறியதோ எங்காவது கண்ணில் படும். ஐந்து மீட்டரில் ஒரு இடத்திலும் பிசகு இல்லை என்றால் எனக்குச் சந்தேகம் வரும்.

இதெல்லாம் போக, நான் கடையில் செய்வது பேச்சுக் கொடுப்பதுதான். "இது காய எத்தனை நாள் ஆகும்?", "எதில் அதிகம் உடையும்?" என்று கேட்பேன். செய்தவர் என்றால் கேட்காததையும் சேர்த்துச் சொல்வார், மழைக்காலத்தில் காயவே காயாது என்று புலம்புவார். வாங்கி விற்பவர் "எல்லாம் ஹேண்ட்மேட் மேடம்" என்பதோடு நிறுத்திக்கொள்வார். வாங்கி விற்பதில் தப்பு இல்லை. செய்தவர் மாதிரி நடித்து அதற்கு ஒரு விலை போடுவதுதான் தப்பு.

கேள்வி: 1,800 ரூபாய் சொன்ன பையை, நான் நகர்ந்ததும் 1,200-க்குத் தருகிறேன் என்றார்கள். அப்படியானால் பேரம் பேசாமல் வாங்கிய மற்றதில் எல்லாம் ஏமாந்தேனா?
— வாசகி, கோவை

பதில்: 600 ரூபாய் ஒரே மூச்சில் இறங்கினால் அது பேரத்துக்கென்றே ஏற்றி வைத்த விலை. நெய்தவரோ பின்னியவரோ நேரில் உட்கார்ந்திருக்கும் கடையில் பெரும்பாலும் அவ்வளவு இடம் இருக்காது. அங்கே நான் ஒரு பொருளுக்குப் பேரம் பேசுவதில்லை. மூன்று நான்கு சேர்த்து வாங்கும்போது "பார்த்துப் போட்டுக் கொடுங்க" என்பேன். மகளிர் சுய உதவிக் குழுக் கடைகளில் விலை ஏற்கெனவே அடக்கமாகத்தான் இருக்கும். சென்னையில் வள்ளுவர் கோட்டம் பக்கத்து அன்னை தெரசா மகளிர் வளாகத்தில் நடக்கும் விற்பனைக்கு ஒரு தடவை போய்ப் பார்த்தால், மற்ற இடங்களில் எது நியாய விலை என்று மனசுக்கு ஒரு கணக்குக் கிடைத்துவிடும்.

கேள்வி: பேத்திக்கு இரண்டு வயது. சந்தையில் மரப் பொம்மை வாங்கலாம் என்றால், ஐஎஸ்ஐ முத்திரை இல்லாத பொம்மையை விற்கவே கூடாது என்கிறார் மகன். உண்மையா?
— வாசகர், வேலூர்

பதில்: மகன் சொல்வது பெரும்பாலும் சரி. 2021 ஜனவரி 1 முதல் 14 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கான பொம்மைக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். ஆனால் மத்திய அரசின் கைவினை ஆணையரிடம் பதிவு செய்த கைவினைஞர்கள் செய்து விற்கும் பொம்மைக்கும், புவிசார் குறியீடு பெற்ற பொம்மைகளுக்கும் விலக்கு உண்டு. அதனால் முத்திரை இல்லை என்றால் கைவினைஞர் அடையாள அட்டையைக் காட்டச் சொல்லுங்கள். சந்தைக்கு வரும்போது பலரும் கையோடு வைத்திருப்பார்கள்.

சந்தையில் கிடைக்கும் கர்நாடகத்துச் சன்னபட்டணா மரப் பொம்மைகள் நம் ஊர் வெட்பாலை மரத்தில் செய்பவை. கடைசலில் மரம் சுற்றும்போது அரக்குக் குச்சியை அழுத்துவார்கள். உரசும் சூட்டில் அரக்கு உருகி மரத்தில் ஏறும், பிறகு தாழை ஓலையால் தேய்த்து மெருகேற்றுவார்கள். ஆனால் அதே தோற்றத்தில் சாதாரண பெயின்ட் அடித்தவையும் விற்பனைக்கு வருகின்றன. ஈரக் கைக்குட்டையால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள், சாயம் ஒட்டினால் வேண்டாம். விலக்கு இருக்கிறது என்பதற்காகப் பொம்மை பத்திரமானது என்று அர்த்தம் இல்லை. ஆணி, கழன்று வரும் மணி, வாய்க்குள் போகும் அளவு சக்கரம் இருந்தால் எவ்வளவு அழகாக இருந்தாலும் இரண்டு வயதுக்கு ஆகாது.

கேள்வி: கிறிஸ்துமஸ் பரிசுக்கு 'கெமிக்கல் இல்லாத' வீட்டுச் சோப்பு வாங்கலாமா?
— வாசகி, நாகர்கோவில்

பதில்: காஸ்டிக் சோடா இல்லாமல் குளியல் சோப்புக் கட்டி இல்லை. எண்ணெயும் அதுவும் சேர்ந்து மாறினால்தான் சோப்பு. அதனால் அந்த வாசகமே தப்பு. சூடாக்காமல் செய்யும் சோப்பு நான்கு முதல் ஆறு வாரம் காய வேண்டும். தயாரித்த தேதி கேளுங்கள், போன வாரம் என்றால் வைத்துவிட்டு வாருங்கள். விற்பனைக்குச் சோப்பு செய்ய உரிமம் வேண்டும், அந்த எண் லேபிளில் இருக்க வேண்டும். வெறும் சணல் கயிறு கட்டிய சோப்பை நான் யாருக்கும் பரிசாகக் கொடுக்க மாட்டேன்.

கேள்வி: கண்காட்சியில் 2,400 ரூபாய்க்கு நாச்சியார்கோயில் விளக்கு என்று சொல்லிக் கொடுத்தார்கள். ஏற்றிய முதல் நாளே எண்ணெய் கசிகிறது. பில் தரவில்லை. 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று பலகை வேறு இருந்தது. என்ன செய்யலாம்?
— வாசகர், கும்பகோணம்

பதில்: அந்தப் பலகைக்கு நீங்கள் நினைக்கும் அளவு பலம் இல்லை. நிறம் பிடிக்கவில்லை, மனசு மாறிவிட்டது என்றால் வேண்டுமானால் அது செல்லும். பழுதான பொருளுக்குச் செல்லாது. 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பில் தராததே நேர்மையற்ற வணிகம். பழுதான பொருளைத் திரும்ப வாங்கிக்கொண்டு பணம் தர மறுப்பதும் அப்படியே. அதற்குக் கெடு பில்லில் போட்டிருக்கும் நாள், ஒன்றும் போடவில்லை என்றால் 30 நாள். அதனால் ஆறப்போடாதீர்கள்.

பில் இல்லையே என்று கையைப் பிசைய வேண்டாம். யுபிஐயில் கட்டியிருந்தால் அந்தப் பதிவே பணம் கைமாறியதற்குச் சான்று. தட்டில் எண்ணெய் கசிவதை வீடியோ எடுத்து, முதலில் கடைக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். பதில் இல்லை என்றால் கண்காட்சி நடத்தியவரைப் பிடியுங்கள். கடைக்கு வாடகை வாங்கியவரிடம் எல்லாக் கடைக்காரரின் விவரமும் இருக்கும், அடுத்த கண்காட்சியில் இடம் கிடைக்காதே என்ற பயம் கடைக்காரருக்கும் இருக்கும். என் அனுபவத்தில் பாதிப் பிரச்சினை இங்கேயே தீர்ந்துவிடுகிறது. அப்புறம் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் அசையவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே புகார் கொடுக்கலாம், 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் கொடுத்தால் போதும். 2,400 ரூபாய்க்கு அவ்வளவு தூரம் போவதா என்பது உங்கள் பொறுமையைப் பொறுத்தது.

வார்ப்பில் கண்ணுக்குத் தெரியாத துளை விழுவது உண்டு. அடுத்த தடவை கடையிலேயே தண்ணீர் ஊற்றிச் செய்தித்தாள் மேல் பத்து நிமிடம் வைக்கச் சொல்லுங்கள். திருகு மரைகள் ஆடாமல் பொருந்துகின்றனவா என்றும் பாருங்கள்.

கேள்வி: ஜிஎஸ்டி என்று 5 சதவீதம் கூட்டி வாங்கினார்கள். பில்லில் ஜிஎஸ்டி எண்ணே இல்லை.
— வாசகி, திருப்பூர்

பதில்: பதிவு இல்லாதவர் ஜிஎஸ்டி வசூலிக்கக் கூடாது. எண் எங்கே என்று அங்கேயே கேட்டிருக்கலாம். கேட்டாலே பலரும் அதைக் கழித்துவிடுவார்கள்.

கேள்வி: பிடித்த நிறத்தில் கூடை பின்னித் தருவதாக ஒருவர் முழுப்பணமும் முன்பணமாகக் கேட்கிறார். கொடுக்கலாமா?
— வாசகர், காரைக்குடி

பதில்: பாதி கொடுங்கள். ஓலைக்கும் சாயத்துக்கும் அவருக்குக் கையில் பணம் வேண்டும், அது நியாயம். மீதி பொருள் வந்த பிறகு. நிறம், அளவு, பிடி வேண்டுமா, எந்தத் தேதிக்குள், கூரியர் செலவு யாருடையது, இதையெல்லாம் அவர் எதிரிலேயே வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பி, "சரி" என்று ஒரு பதில் வாங்கிக்கொள்ளுங்கள். நிறத்துக்குப் படம் போதாது, போன் திரையில் மெரூன் பழுப்பாகத் தெரியும். கடையில் இருக்கும் ஒரு கூடையைக் காட்டி "இதே சிவப்பு" என்று சொல்லி, அந்தக் கூடையோடு அவரையும் நிற்க வைத்து ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.